மிஷன் கிராமமும் மாடி வீட்டு ஜெபமும்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும், தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடமாகிய ஒரகடம், இன்று மோட்டார்த் தொழிலின் பெயராலேயே அறியப்படுகிறது; ஆயினும், சபை என்பது யாது என்பதைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே நிலவிய இரு வேறு அபிப்பிராயங்களின் சரித்திரம் இவ்விரு சாலைகளின் தொடக்கத்திலும் பதிந்து கிடக்கிறது.

சபையை ஒரு ஸ்தாபனமாகக் கண்ட முதலாவது அபிப்பிராயத்துக்குச் சாட்சி, சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மெல்ரோசாபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ தாழ்த்தப்பட்ட மக்களுக்காக இக்குடியிருப்பை அமைத்தார். மிராசு முறை வேரோடியிருந்த செங்கற்பட்டு ஜில்லாவில், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மனைக்கும் உரிமை கோர இயலாமல், மிராசுதாரின் தயவிலேயே காலங்கழித்த மக்கள் அவர்கள். ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கத்து ஈக்காட்டில் ஊழியம் செய்த வில்லியம் கௌடியும் அவர்களுடைய நிலவுரிமைக்காக ஓயாது வாதாடினர். கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த அரசாணையும் இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் ஒதுக்கீட்டுக்கு வழிகோலின. நிலம், பள்ளி, ஆலயம் யாவும் மிஷனின் ஆளுகைக்குள் இருந்ததால், மனிதன் மிராசுதாரின் நிழலிலிருந்து பாதிரியாரின் நிழலுக்கு மாறினான் என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சர்க்காரின் கதவைத் தட்டும் வலிமை அன்று அந்த ஸ்தாபனத்துக்கு இருந்ததென்பதை மறந்து பேசுவது நன்றி மறந்த பேச்சாகும்.

இரண்டாவது அபிப்பிராயம் தாம்பரத்தில் ஓங்கி ஒலித்தது. முந்திய ஆண்டில்தான் அங்கே குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மகாநாடு கூடியது. ஏறக்குறைய எழுபது நாடுகளின் பிரதிநிதிகள் திருச்சபையை மையமாக வைத்து ஆலோசித்த அதே வேளையில், இந்தியாவில் கிறிஸ்தவத்தையே மறுபடி சிந்திக்கவேண்டும் என்று முழங்கிய ஆங்கில நூலொன்று சென்னையில் வெளிவந்தது. அதை எழுதியோருள் முதன்மையானவர்களாகிய பி. செஞ்சையாவும் வி. சக்கரைச் செட்டியாரும் வழக்கறிஞர்கள். அந்நியப் பணத்தாலும் அந்நிய நிர்வாகத்தாலும் நிற்கும் ஸ்தாபனமன்று, கிறிஸ்துவே மையம் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். சக்கரைச் செட்டியாரோ 1941-இல் சென்னையின் மேயரானவர், ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவர் பதவியும் வகித்த தொழிற்சங்கத் தலைவர்.

அறிஞர்களின் வாதம் ஏட்டோடு நின்றதோ என்று ஐயுறுவோருக்கு, பக்த் சிங்கின் வரலாறு விடையாகும். சீக்கியக் குடும்பத்தில் பிறந்த இப்பஞ்சாபியர், 1941-இல் பல்லாவரம் மலைமீது சிலரோடு இரவு முழுதும் ஜெபித்தபின், சென்னையில் 'யெகோவா ஷம்மா' என்ற ஐக்கியத்தைத் தொடங்கினார். சம்பளம் பெறும் போதகர் இல்லை, மூப்பர்கள் நடத்துவர். ஆராதனை முடிந்ததும், பாயில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து வீடு செல்லாமல் அங்கேயே வரிசையாக உட்கார்ந்து ஒருங்கே உண்ணும் அன்பின் விருந்து, ஜாதிப் பந்தியைக் கண்டு பழகிய நாட்டில் எத்துணைப் பெரிய பிரசங்கம்! கத்தோலிக்கரிடையேயும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்திய தசாப்தங்களில், இருபது முப்பது குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடும் 'அன்பியம்' தமிழ்நாடெங்கும் பரவியது.

இனி ஒரகடத்துச் சாலைகளின் இன்றைய நிலைக்கு வருவோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்தது. 2006-இல் நோக்கியாவும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் உற்பத்தியைத் தொடங்கின. தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வேலைதேடி வந்தவர்களுடைய ஞானஸ்நானப் பதிவேடு சொந்த ஊர் ஆலயத்தில் இருக்கிறது. ஷிப்ட் முறையோ ஞாயிற்றுக்கிழமையையே பறித்துக்கொள்கிறது. எனவே வாடகை வீட்டு மாடிகளில், படிக்கட்டோரம் சேஃப்டி ஷூக்களைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடே அமர்ந்து ஜெபிக்கிறார்கள். ஜெபம் முடிந்து டீ வரும்போதுதான், யாருக்கு அறை வேண்டும், யாருடைய ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது, யார் வீட்டில் நோய் என்ற விஷயங்களெல்லாம் வெளிவருகின்றன. பெரிய ஆலயத்தின் கடைசி வரிசையில் யாருக்கும் தெரியாமல் வந்துபோகக்கூடிய ஒருவன், இங்கே ஒரு வாரம் வராவிட்டால் தேடப்படுகிறான். இதைவிடச் சபைக்கு வேறு லட்சணம் உண்டோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் என் மனம் முற்றும் அமைதியடையவில்லை. 2014-இல் நோக்கியா ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததைப் போன்ற வேளைகளில், பத்துப்பேர் கூடும் அறை கண்ணீரைத் துடைக்கும். மெல்ரோசாபுரத்தின் மிஷனைப் போல அரசாங்கத்தின் முன் நின்று வழக்குரைக்க அதனால் ஆகாது. ஆலயத்தின் அதிகாரக் கட்டுக்கோப்பை மறுத்த சக்கரைச் செட்டியார், தொழிலாளரின் சங்கத்தைக் கட்டுவதில் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர். மாடி வீட்டு ஜெபத்துக்கு வரும் வாலிபர்கள், வேத புஸ்தகத்தோடு அவருடைய வரலாற்றையும் ஒருமுறை படித்துப் பேசவேண்டுமென்பது என் விருப்பம்.