பெரியம்மாவின் மோர்

குருவிகுளத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து எங்களை வளர்த்தவள். இப்போது என்னைக் கண்டால், இறந்துபோன தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, "ஏ ஐயா, மோர் குடிச்சியா?" என்று கேட்கிறாள். குடித்தாயிற்று என்றாலும் ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அதே கேள்வி. பேரும் உறவும் மறந்தவள் மோரை மாத்திரம் மறக்கவில்லை.

"தயிர் சாப்பிட்டால் மறதி போகுமாமே. மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று அண்ணன் கேட்டான். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு.

1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், ஆலோயிஸ் அல்ஸைமர் என்ற டாக்டர், மறதியில் மூழ்கி இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்ட மாறுதல்களை விவரித்தார். அதே காலத்தில் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் எலீ மெச்னிகாஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானி குடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளே முதுமையை விரைவுபடுத்துகின்றன. புளித்த பாலின் கிருமிகள் அவற்றை அடக்கும் என்பது அவர் கட்சி. பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளைச் சாட்சிக்கு அழைத்தார். தாமும் புளித்த பாலைத் தவறாமல் குடித்தார். வேறோர் ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்ற அந்த மேதை, 1916-ல் தமது 71-ஆம் வயதில் காலமானார். நூறு வயது அவருக்கு வாய்க்கவில்லை.

மூளையைப் பார்த்தவர் வழியும் குடலைப் பார்த்தவர் வழியும் கூடுவதற்கு நூறு வருஷம் பிடித்தது. 2016-ல் ஈரானின் காஷான் நகரத்து ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. அறுபது மறதி நோயாளிகளில் பாதிப்பேருக்குப் பன்னிரண்டு வாரம், நாளொன்றுக்கு 200 மில்லி வீதம், நல்ல கிருமிகள் சேர்த்த பாலைக் கொடுத்தார்கள். ஞாபகச் சோதனையில் அவர்கள் சற்றுத் தேறினார்கள். ஆனால் 2018-ல், அதே நாட்டில் நோய் முற்றியவர்களுக்கு அத்தகைய கிருமிகளைக் குளிகையாகக் கொடுத்தபோது பயன் தெரியவில்லை. ஆகவே தயிரை மருந்து என்று சொல்ல இன்னும் ஆதாரம் போதாது.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். மாத்திரை நிற்கக்கூடாது; ஆனால் வயிற்றையும் கவனிக்கவேண்டும். மலச்சிக்கலும் நீர் குறைவும் முதியவர் மனத்தை மேலும் குழப்பும் என்பதை வைத்தியர்கள் அறிவார்கள். தன் வயிற்று வேதனையைச் சொல்லத் தெரியாத கிழவிக்கு, நேரத்துக்கு ஒரு தம்ளர் மோர் கொடுக்க நோபல் பரிசு வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

"ஏ ஐயா, மோர் குடிச்சியா?"

"இல்லை, அக்கா. நீயும் குடி" என்று இரண்டாவது தம்ளரை வாங்கிக்கொண்டேன்.