தாத்தாவோட வின்செஸ்டர் எவ்வளவு போகும்?

போன மாசம் ஆனையூர்ல இருக்கிற ஒரு நண்பன் போன் பண்ணான். "மாப்ள, தாத்தாவோட துப்பாக்கி ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல இதே மாடல் சில ஆயிரம் டாலருக்குப் போகுதாம். அப்பா ஆபரேஷனுக்கு வாங்கின கடனை அடைச்சிரலாம்ல?"

துப்பாக்கி வீட்ல இல்ல. தாத்தா இறந்ததும் ஒரு டீலர்கிட்ட டெபாசிட் பண்ணியிருக்காங்க. அவன்கிட்ட இருந்தது ஒரு பழைய போட்டோவும் குழல்ல பொறிச்சிருந்த எழுத்தும்தான். வின்செஸ்டர், மாடல் 1895, காலிபர் .405. கூகுள் பண்ணா அஞ்சு நிமிஷத்துல விலை தெரிஞ்சிரும்னு நானும் நினைச்சேன். ஆனா அந்த விலைக்கும் நம்ம ஊர் விலைக்கும் நடுவுல இருநூறு வருஷ வரலாறு இருக்கு.

முதல்ல பொருளைப் பார்ப்போம். ஜெய்சங்கரோட கௌபாய் படங்கள் பார்த்திருப்பீங்க. விசைக்குக் கீழே இருக்கிற வளையத்தைக் கீழ தள்ளி மேல இழுத்தா, சுட்ட தோட்டா வெளிய விழும், புதுசு உள்ள ஏறும். அதுதான் லீவர் ஆக்‌ஷன். அதுக்கு முன்னாடி வந்த லீவர் துப்பாக்கிகள் பெரும்பாலும் குழலுக்கு அடியில ஒரு டியூப்ல தோட்டாக்களை வரிசையா அடுக்கும். அதுல கூர்முனைத் தோட்டா போட்டா ஆபத்து, ஏன்னா ஒண்ணோட முனை முன்னாடி இருக்கிறதோட பின்புறத்துல இடிக்கும். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைச்ச 1895 மாடல், தோட்டாக்களை ஒண்ணு மேல ஒண்ணா ஒரு பெட்டியில அடுக்கிச்சு. பிரச்சினை தீர்ந்தது. மொத்தம் சுமார் 4,25,000 துப்பாக்கிகள். அதுல பாதிக்கு மேல முதல் உலகப்போர் சமயத்துல ரஷ்ய ராணுவத்துக்கே போச்சு.

.405 தோட்டா வந்தது 1904-ல். அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனப்போ இதைக் கொண்டுபோனார், அப்புறம் பேர் பரவிச்சு. நமக்கு இன்னும் பக்கத்துல ஒருத்தர் இருக்கார், பெங்களூர்ல வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974). சேலம், தருமபுரி, ஓசூர் பக்கக் காடுகள்ல ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிப் போனவர். 1954-லிருந்து வெளிவந்த அவரோட புத்தகங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற ஆயுதம் இதே .405 வின்செஸ்டர்தான்.

அமெரிக்காவுல இதை எப்படி மதிப்பிடுவாங்க? குழல்ல பழைய கருநீலப் பூச்சு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கு? கட்டை மாத்தியிருக்கா? யாராவது பாலிஷ் போட்டுப் புதுசாக்கியிருக்காங்களா? பளபளன்னு ஆக்கியிருந்தா விலை ஏறாது, இறங்கும். சீரியல் நம்பரை வெச்சு வருஷத்தைக் கண்டுபிடிப்பாங்க. வயோமிங் மாநிலத்துல கோடி நகர அருங்காட்சியகத்துல பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளே இருக்கு. கேள்வி எல்லாமே பொருளைப் பத்தினதுதான்.

நம்ம ஊர்ல முதல் கேள்வி வேற. இதை வாங்க யாருக்கு அனுமதி இருக்கு?

இதோட வேர் 1801-க்குப் போகுது. பாளையக்காரர் போர் முடிஞ்சதும் கம்பெனி செஞ்ச முதல் வேலைகள்ல ஒண்ணு, கோட்டைகளை இடிச்சு, பாளையங்களோட படைகளைக் கலைச்சது. நம்ம மதுரைச் சீமையும் அதுல அடக்கம். 1878-ல் லிட்டன் காலத்துல ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. விடுதலைக்கு அப்புறம் 1959-ல் புதுச் சட்டம் வந்தது. விலக்கு இல்ல, ஆனா லைசென்ஸ் எல்லாருக்கும் தொடர்ந்தது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கியோட 'பயன்'ங்கிறதே அதோட முடிஞ்சது. 1980-களின் நடுவுல தனிநபர் துப்பாக்கி இறக்குமதியும் நின்னுபோச்சு. வரத்து நின்னா விலை ஏறணும் இல்லையா? ஏறிச்சு, ஆனா எல்லாத்துக்கும் இல்ல. வெளிநாட்டுல சில நூறு டாலருக்குக் கிடைக்கிற பழைய வெப்லி ரிவால்வர் இங்க லட்சங்கள்ல கைமாறிச்சு. தற்காப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கினவங்க தேடினது அதைத்தான். புலி சுடுற கனமான ரைஃபிளைத் தேட யாருக்கும் காரணம் இல்ல. அபூர்வமா இருந்தா மட்டும் விலை வராது, தேவையும் இருக்கணும்.

கடைசியா 2019 திருத்தம். ஒருத்தர் மூணு துப்பாக்கி வெச்சிருக்கலாம்னு இருந்ததை ரெண்டாக் குறைச்சாங்க. பரம்பரையா வந்ததும் அந்தக் கணக்குலதான். மூணாவதை வெச்சிருந்தவங்க ஒரு வருஷத்துக்குள்ள அதை ஒப்படைக்கணும். விற்க வர்றவங்க கூடினாங்க, வாங்குறவர்கிட்ட இருக்கிற இடம் குறைஞ்சது. இருக்கிற ரெண்டு இடத்துல ஒண்ணை, சுடவே முடியாத ரைஃபிளுக்கு யார் கொடுப்பா?

ஏன் சுட முடியாது? தோட்டா. அமெரிக்காவுல 2000-களின் தொடக்கத்துல .405 திரும்பத் தயாரிப்புக்கு வந்தது. இங்க அரசுத் தொழிற்சாலை வேட்டை ரைஃபிள்னு செஞ்சது .315, .30-06 மாதிரி காலிபர்ல. இன்னொரு வேடிக்கை இருக்கு. இதே 1895 மாடலை வின்செஸ்டர் .303-லயும் செஞ்சது. அது ராணுவத் தோட்டா, அதனால இங்க தடை செய்யப்பட்ட ரகம். ஒரே கம்பெனி, ஒரே வடிவம். .30-06 ஆ இருந்தா வாங்க ஆள் வரலாம். .405 ஆ இருந்தா தோட்டா கிடைக்காது. .303 ஆ இருந்தா சாதாரண லைசென்ஸ்காரர் தொடவே முடியாது.

"சரி, அமெரிக்காவுக்கே அனுப்பி வித்தா?"ன்னு கேட்டான். ஏற்றுமதிக்குத் தனி லைசென்ஸ் வேணும். அதோட, நூறு வருஷம் தாண்டின, வரலாற்று மதிப்புள்ள பொருளா இருந்தா, 1972 தொல்பொருள் சட்டப்படி தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அந்த டாலர் விலை நமக்கு ஸ்கிரீன்ல மட்டும்தான்.

அப்போ மதிப்பே இல்லையா? இருக்கு. சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் மாதிரி பழைய கடையோட பேர் குழல்ல இருந்தா, வாங்கின ரசீது, பழைய லைசென்ஸ் புத்தகம் எல்லாம் கூடவே இருந்தா, லைசென்ஸ் வெச்சிருக்கிற ஒரு சேகரிப்பாளர் கூடுதலாக் கொடுக்கலாம். ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாக் கிடைச்ச ரிக்பி ரைஃபிளை, நூறு வருஷத்துக்கு அப்புறம் ரிக்பி கம்பெனியே தேடி வாங்கிச்சு. காரணம், அதுல பதிச்சிருந்த வெள்ளித் தகடு. யாரோடது, எதுக்குக் கொடுத்தாங்கன்னு அதுல எழுதியிருக்கு.

நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். விலையை அப்புறம் பார், முதல்ல டெபாசிட் ரசீதைத் தேடு. சட்டத்தோட 21-வது பிரிவுப்படி, டெபாசிட்ல இருக்கும்போதே, தகுதியுள்ள ஒருத்தருக்கு விற்கச் சொல்லிப் பணம் வாங்க வாரிசுக்கு உரிமை இருக்கு. வாரிசே லைசென்ஸ் எடுக்கணும்னு இல்ல. வெச்சிருக்க ஆசைன்னா அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும். ஆனா குறிப்பிட்ட காலத்துக்குள்ள எதுவும் செய்யலன்னா, அரசு பறிமுதல் பண்ணலாம். அப்போ சதவீதம், காலிபர், ரூஸ்வெல்ட் எல்லாம் சேர்ந்து விலை பூஜ்யம்.

ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ் வந்தது. ரசீது பீரோவுல, அம்மாவோட கல்யாணப் புடவைக்கு அடியில இருந்துச்சாம். தேதியைப் பார்த்தா இன்னும் நேரம் இருக்கு. கடன் இதுல அடையாதுன்னு அவனுக்கும் புரிஞ்சிருச்சு. "வர்றது வரட்டும் மாப்ள, தாத்தா பொருள் கேட்பாரில்லாமப் போகக் கூடாது"ன்னான்.

உங்க வீட்ல இப்படி ஏதாவது இருந்தா, இந்த வாரமே ரசீதைத் தேடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.