தேயிலையும் இருதயச் சோதனையும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள தன்னாமுனையிலே விடியற்காலையில் தேத்தண்ணீர் அருந்தாமல் வேலைக்குப் புறப்படுவோர் அரியர். அத்தகைய ஒருவரிடம், நாளைய சோதனைக்கு முன் தேநீரும் கோப்பியும் ஆகா என்று இருதய வைத்தியர் கூறினால், அதை வழக்கமான பத்தியம் என்றே அவர் எண்ணக்கூடும். அக்கட்டளைக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதை நேயர்கள் அறிவர். 1888இல் ஜெர்மானிய அறிஞர் அல்பிரெக்ட் கோசல் தேயிலையிலே தியோபிலின் என்னும் பொருளைக் கண்டறிந்தார். 1929இல் துரூரி, செண்ட்-ஜியோர்ஜி என்னும் இருவர், அடினோசின் என்னும் பொருள் இருதயத் துடிப்பைத் தளர்த்தி அதன் இரத்தக் குழாய்களை விரிப்பதைக் கண்டனர். இவ்விரு பொருள்களும் ஒன்றுக்கொன்று பகை என்பது பிற்காலத்திலேயே தெளிவாயிற்று.

இருதயக் குழாயின் அடைப்பை அறிய நோயாளியை ஓடவைத்துப் பார்ப்பது வழக்கம். முழங்கால் நோயுற்றவரும் பாரிசவாதம் கண்டவரும் எங்ஙனம் ஓடுவர்? இவர்களுக்காகவே 1978இல் அமெரிக்க வைத்தியர் லான்ஸ் கூல்ட் ஒரு வழி காட்டினார். டைபிரிடமோல் என்னும் மருந்தைச் செலுத்தினால் உடலிலுள்ள அடினோசின் பெருகும். நல்ல குழாய்கள் விரியும், அடைபட்டவை விரியமாட்டா. கதிரியக்கப் பொருள் கொண்டு எடுக்கும் படத்தில் அவ்வேறுபாடு தோன்றும். பின்னர் அடினோசினையே நேராகச் செலுத்தலாயினர். அது சில விநாடிகளிலேயே சிதைந்துவிடும்.

இதில் ஆபத்து இல்லையா? உண்டு, ஆயினும் அரிது. டைபிரிடமோல் பெற்ற 3,911 பேரைப் பற்றிய அறிக்கையொன்று 1990இல் வெளியாயிற்று. ஐவரில் ஒருவருக்கு நெஞ்சு நோவு கண்டது. நால்வருக்கு மாரடைப்பு நேர்ந்து இருவர் இறந்தனர். அறுவருக்கு மூச்சுக்குழாய் இறுகியது. மாரடைப்புக் கண்ட நால்வருள் மூவர் முன்னரே நிலைகொள்ளாத நெஞ்சு நோவுடையவர்கள். 2013 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் அடினோசின் பற்றி விடுத்த எச்சரிக்கையும் அத்தகையோரையே சுட்டியது. ஆஸ்துமா உள்ளோருக்குப் பெரும்பாலும் டொபுட்டமின் என்னும் வேறு மருந்து தரப்படுகிறது. அது துடிப்பை விரைவாக்குவது. அதன் மாற்று மருந்தும் வேறு.

டைபிரிடமோலால் இடர் நேர்ந்தால் வைத்தியர் கையில் எடுக்கும் மாற்று மருந்து அமினோபிலின். அது தேயிலையில் கண்ட தியோபிலினின் ஓர் உருவமே! சோதனைக்குப் பின் உயிர் காக்கும் அந்தக் குணமே முன்னர் சோதனையைக் கெடுப்பதும். தேநீரிலுள்ள கஃபீன் தியோபிலினின் நெருங்கிய உறவு. அது உடலில் இருக்கும்போது மருந்து வேலை செய்யாது. அடைபட்ட குழாயும் நல்லதுபோலப் படத்தில் தோன்றலாம். நோயாளி ஆறுதலோடு வீடு திரும்புவார், அடைப்போ அப்படியே இருக்கும். அரிதான மூச்சுத் திணறலைக் காட்டிலும் இப்பொய்யான ஆறுதலையே பெரிதும் அஞ்சவேண்டும் எனலாம்.

ஆகவேதான் குறைந்தது 12 மணி நேரமும், சில நிலையங்களில் 24 மணி நேரமும், தேநீர், கோப்பி, சொக்கலேற்று யாவும் விலக்கப்படுகின்றன. மறந்து ஒரு கோப்பை குடித்துவிட்டவர் அதனை உள்ளபடி சொல்லிவிட்டால், சோதனை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கப்படும், அவ்வளவே.