குளிர் நாட்டில் கறிவேப்பிலை

ஊரில் கறிவேப்பிலை காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் சமாச்சாரம். காரியம் ஆனதும் ஒதுக்கிவிடுவதற்கு உவமையாகவும் அதைத்தான் சொல்வோம். மினசோட்டா போன்ற குளிர் மாநிலத்தில் அதுவே சன்னலோரம் வைத்துக் காக்கவேண்டிய செல்லப்பிள்ளை. என் வீட்டுச் செடி சில குளிர்காலங்களைக் கடந்து நிற்கிறது. அந்த அனுபவத்தில் சில குறிப்புகள்.

முதலில் பெயர். 1771-ல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் பெர்கெரா கோனிகீ. முராயா கோனிகீ என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. 'கோனிகீ' என்பது லின்னேயஸின் மாணவரான யோஹான் கோனிக்கைக் குறிக்கிறது. இவர் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக இருந்தவர். ஆக, செடியின் அறிவியல் பெயரிலேயே நம் கடற்கரை ஊர் ஒன்றின் தொடர்பு இருக்கிறது!

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே வெயில் நிறைய வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. தொட்டி மண் இரண்டு பங்கு என்றால் பெர்லைட் அல்லது பருமணல் ஒரு பங்கு கலக்கலாம். அடியில் துளை அவசியம். சிறு செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு அளவு மட்டும் பெரிதாக்குங்கள்.

இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியசை நெருங்கும்போதே செடியை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். தெற்குப் பார்த்த சன்னல் நல்லது. மெல்போர்ன் வாசகர்களுக்கு வடக்கு சன்னல். ஹீட்டர் காற்று நேராகப் படக்கூடாது. வெளிச்சம் போதாவிட்டால் செடிகளுக்கான எல்.இ.டி. விளக்கை தினம் 12 மணி நேரம் எரியவிடலாம்.

குளிர்காலத்தில் பல செடிகளைக் கொல்வது குளிரல்ல, நம் அன்புதான். வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். இலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்துப் பதறி மேலும் ஊற்றுகிறோம். ஈர மண்ணில் காற்று போகாமல் வேர் அழுகுகிறது. விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊரில் ஊற்றும் புளித்த மோரும் வீட்டுக்குள் வேண்டாம். வாடையும் சிறு ஈக்களும்தான் மிச்சமாகும். வறண்ட காற்றில் இலையின் அடியில் சிலந்திப்பேன் வரும். குளியலறைக்குத் தூக்கிப்போய் இலைகளின் அடிப்புறத்தைக் கழுவினால் பெரும்பாலும் கட்டுப்படும்.

இலை முழுதும் உதிர்ந்துவிட்டதா? உடனே குப்பைக்கு அனுப்பாதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, வசந்தம் வரை பொறுங்கள். துளிர் வந்தபின் உரமிடலாம். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். பூங்கொத்தையும் கிள்ளிவிட்டால் சத்து இலைக்குப் போகும். வெயிலில் வைக்கும்போது பத்து நாளாவது சிறிது சிறிதாகப் பழக்குங்கள். இல்லையேல் இலை கருகும்.

கடைசியாக ஒன்று. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் 'சிட்ரஸ் கிரீனிங்' நோய் 2005-ல் ஃபுளோரிடாவிலும் 2012-ல் கலிபோர்னியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. அதைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைத் துளிரிலும் முட்டையிடும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் செடியிலும் அது இருக்கலாம். அமெரிக்காவுக்குள் ஊரிலிருந்து செடியையோ பச்சை இலையையோ பெட்டியில் கொண்டுவரத் தடை இருப்பதற்குக் காரணம் இதுதான். கட்டுப்பாடு உள்ள பகுதியிலிருந்து செடியை வெளியே எடுத்துப்போவதும் தவறு. உங்கள் பகுதியில் உரிமம் பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள். மற்ற நாட்டினர் தங்கள் வேளாண்துறையின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ரசத்தில் போடும் ஓர் இணுக்குக்காக இன்னொருவர் தோட்டம் அழியவேண்டாம்.