பேப்பரை நம்பாதவர்கள் என்ன செய்தார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஓஎல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், பேப்பர்ல வாறதெல்லாம் பொய் எண்டு வாப்பா சொல்றார். அப்ப வரலாறு எழுதினவங்களும் அந்தப் பேப்பரைப் பாத்துத்தானே எழுதியிருப்பாங்க?"

உடனே பதில் வரவில்லை. வாப்பா ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2019 மே 23ஆம் திகதி, ஒரு வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று சிங்கள நாளிதழொன்றின் முதல் பக்கத்தில் வந்தது. அடுத்த நாள் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் கைது. கருத்தடைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று சீஐடி நீதிமன்றத்தில் சொன்னது ஜூன் கடைசியில். பிணை கிடைத்தது ஜூலை 25இல். வேலை திரும்பக் கிடைக்க மூன்று வருடத்துக்கு மேல் சென்றது. நிலுவைச் சம்பளத்தை அவர் மருந்து வாங்கச் சொல்லி சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். அந்தச் செய்தியை எந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்திலும் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அந்த ஜூன் மாதம் ஓர் ஆசிரியர் செயலமர்வில் பக்கத்தில் இருந்த சிங்கள ஆசிரியர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "ஏக எத்தத சேர்?" உண்மையா என்று. கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் "தெரியாது" என்று சொல்லிவிட்டு தேநீர் எடுக்க எழும்பிப் போனேன். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு 125 வருடத்துக்கு முந்திய ஒரு பிரெஞ்சுக் கதையைச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

1894 செப்டெம்பர். பாரிஸில் இருந்த ஜேர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையிலிருந்து, அங்கு துப்புரவு வேலை செய்த பெண் மூலமாக ஒரு கடதாசி பிரெஞ்சு இராணுவ உளவுப் பிரிவுக்கு வந்தது. யாரோ ஓர் அதிகாரி இராணுவ இரகசியங்களை விற்கிறான் என்பது அதில் தெரிந்தது. கையெழுத்து ஒத்துப்போகிறது என்று சொல்லி ஒக்டோபர் 15இல் கெப்டன் அல்பிரெட் ட்ரைஃபஸைப் பிடித்தார்கள். அவர் யூதர். இராணுவத் தலைமையகத்தில் பயிற்சியில் இருந்தவர்.

கைது இரகசியமாகத்தான் இருந்தது. இரண்டு கிழமைக்குள் விஷயம் கசிந்து 'லா லிப்ர் பரோல்' என்ற பத்திரிகைக்குப் போனது. அதை நடத்திய எதுவார் த்ருமோன், யூதர்களைத் திட்டி எழுதிய புத்தகத்தால் பெயர் பெற்ற ஆள். நவம்பர் தொடக்கத்தில் "யூத அதிகாரி கைது" என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு விடுவிக்க யாருக்குத் துணிவு வரும்? விசாரணை தொடங்க முன்னரே யுத்த அமைச்சர் மெர்சியே, குற்றம் நிச்சயம் என்று 'ஃபிகாரோ' பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். டிசம்பரில் மூடிய கதவுக்குள் இராணுவ நீதிமன்றம். சட்டத்தரணிக்குக் காட்டாத ஓர் இரகசியக் கோப்பை நீதிபதிகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஏழு பேரும் ஒருமித்துக் குற்றவாளி என்றார்கள். 1895 ஜனவரி 5இல் இராணுவக் கல்லூரி முற்றத்தில் அவரது பட்டிகளைப் பிய்த்து, வாளை முறித்தார்கள். வெளியே சனம் கத்தியது. தென் அமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள 'பிசாசுத் தீவில்' தனிச் சிறை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் பிரான்ஸின் பெரும்பாலான யூதக் குடும்பங்கள் வாய் திறக்கவில்லை. பிற்காலத்தில் பிரதமரான லியோன் புளூம், தன் சமூகத்தவர்கள் இந்த வழக்கைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை என்று தன் நினைவுக் குறிப்பில் வருத்தத்தோடு எழுதினார். பேசினால் பிரச்சினை பெருகும் என்ற பயம். நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்பார்களே என்ற கூச்சம். இதை வாசித்தபோது எனக்குத் தேநீர் எடுக்கப் போன அந்தச் செயலமர்வுதான் ஞாபகம் வந்தது.

பேசியவர் அண்ணன் மாத்தியூ. ஆனால் அவரும் ஒரு பிழை விட்டார். தம்பியை உலகம் மறந்துவிடக்கூடாது என்று, 1896 செப்டெம்பரில் "ட்ரைஃபஸ் தீவிலிருந்து தப்பிவிட்டார்" என்ற பொய்ச் செய்தியை ஓர் இங்கிலாந்துப் பத்திரிகையில் வரப்பண்ணினார். செய்தி பரவியது, பேச்சும் எழும்பியது. அதன் விலையைக் கொடுத்தது தீவில் இருந்த மனிதர். தப்பிவிடுவார் என்று பயந்த அமைச்சர் உத்தரவு போட, கிழமைக்கணக்காக இரவில் அவரைக் கட்டிலோடு சேர்த்து இரும்பில் பூட்டினார்கள். ஏன் பூட்டுகிறார்கள் என்று அவருக்குச் சொல்லவும் இல்லை. நல்ல நோக்கத்துக்காகத்தானே என்று சொல்லி வட்ஸ்அப்பில் உறுதி இல்லாததை ஃபோர்வேர்ட் பண்ணும் நம்மவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதினேன்.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். ட்ரைஃபஸை விடுவிக்க உதவிய இரண்டு பெரிய தடயங்களும் வெளியே வந்தது, அவரைத் துரோகி என்று எழுதிய பத்திரிகைகளில்தான். அதே செப்டெம்பரில் 'லெக்லேர்' என்ற பத்திரிகை, குற்றத்தை உறுதிப்படுத்துவதாக நினைத்து, நீதிபதிகளுக்கு இரகசிய ஆவணம் காட்டப்பட்டதை எழுதிவிட்டது. அது சட்டவிரோதம். மனைவி லூசி அதைப் பிடித்துக்கொண்டு நாலு நாளில் பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டார். நவம்பர் 10இல் 'லெ மத்தான்' பத்திரிகை ஒரு பரபரப்புக்காக, குப்பைக் கூடையில் கிடைத்த அந்தக் கடதாசியின் படத்தையே அச்சிட்டது. மாத்தியூ அந்தப் படத்தைத் தன் தம்பியின் கையெழுத்தோடு சேர்த்து அச்சடித்துப் பரப்பினார். ஒரு வருடம் கழித்து ஒரு பங்குத் தரகர் அதைப் பார்த்தார். இது என் வாடிக்கையாளர் ஒருவருடைய கையெழுத்தாச்சே என்று சொன்னார். அந்த வாடிக்கையாளர்தான் மேஜர் எஸ்தெர்ஹாஸி. கேர்ணல் பிக்கார் என்ற அதிகாரியும் அதற்கு முன்பே இராணுவத்துக்குள் அதே பெயரைக் கண்டுபிடித்திருந்தார். வாயை மூடச் சொல்லி அவரைத் தூனிசியாவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பேப்பர் பொய் என்று அந்தத் தரகர் தூக்கி எறிந்திருந்தால்? லூசி, எனக்கு விரோதமான பத்திரிகையை நான் ஏன் வாசிக்க வேண்டும் என்று இருந்திருந்தால்? நம்பாமல் வாசித்தார்கள், ஆனால் வரிக்கு வரி வாசித்தார்கள். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளச் சொல்லும் ஸூரா ஹுஜுராத் வசனத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! விசாரிப்பது என்பது வேலை. மனைவியும் அண்ணனும் வருடக்கணக்கில் அந்த வேலையைச் செய்தார்கள்.

பத்திரிகைகளையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. எமில் ஸோலா என்ற பெரிய நாவலாசிரியர் 1897 கடைசியில் 'ஃபிகாரோ'வில் ட்ரைஃபஸுக்காக எழுதத் தொடங்கினார். மூன்று கட்டுரைதான். சந்தாதாரர்கள் ஒவ்வொருவராக விலக, பத்திரிகை கதவை மூடிவிட்டது. அங்கே உண்மையை நிறுத்தியது அரசாங்கமா, ஆசிரியரா? காசு கொடுத்து வாங்கிய வாசகன். அச்சிட்டால் ஆள் விற்குமா என்பதைப் பத்திரிகைக்காரன் நம்மிடமிருந்துதான் தெரிந்துகொள்கிறான்.

1898 ஜனவரி 11இல் எஸ்தெர்ஹாஸியை இராணுவ நீதிமன்றம் விடுதலை செய்தது. இரண்டு நாள் கழித்து ஸோலா 'லொரோர்' என்ற சின்னப் பத்திரிகையில் ஜனாதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். "நான் குற்றம் சாட்டுகிறேன்" என்று தலைப்பு. மூன்று இலட்சம் பிரதி அச்சிட்டார்கள். ஜெனரல்களைப் பெயர் சொல்லியே குற்றஞ்சாட்டினார். அவர் ஆவேசத்தில் எழுதவில்லை. 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்படி அவதூறு வழக்கு ஜூரி முன்னால், பகிரங்கமாக நடக்க வேண்டும். மூடிய இராணுவ நீதிமன்றத்தில் பேச முடியாததைத் திறந்த நீதிமன்றத்தில் பேச வைக்க, என்னைப் பிடியுங்கள் என்று அந்தச் சட்டத்தின் பிரிவுகளையும் கடிதத்திலேயே குறிப்பிட்டார். ஒரு வருடச் சிறை, 3,000 பிராங்க் தண்டம். பல நகரங்களில் யூதர் கடைகள் தாக்கப்பட்டன. அல்ஜியர்ஸில் நாட்கணக்காகக் கலவரம். விற்பனையில் பத்து இலட்சத்தைத் தொட்ட 'லெ பெத்தி ஜூர்னால்' ஸோலாவின் மௌத்தான தகப்பனையும் விடவில்லை, அவரைத் திருடன் என்று எழுதியது. ஸோலா ஜூலையில் லண்டனுக்குத் தப்பிப் போனார்.

ஓகஸ்டில் முடிச்சு அவிழ்ந்தது. ட்ரைஃபஸுக்கு எதிரான முக்கிய ஆவணமொன்றைத் தானே போலியாகச் செய்ததாக உளவுப் பிரிவு அதிகாரி ஹென்றி ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறையில் கழுத்தை அறுத்துக்கொண்டார். இனியாவது பொய் அடங்கும் என்று நினைப்பீர்கள். டிசம்பரில் 'லா லிப்ர் பரோல்' ஹென்றியின் விதவைக்கு உதவி நிதி திறந்தது. ஏறத்தாழ 25,000 பேர் காசு அனுப்பினார்கள். பெயரோடும், பெயர் போடாமலும் யூதர்களைப் பற்றிப் பலர் எழுதியனுப்பிய வசனங்களையும் பத்திரிகை பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. அதிகாரிகள், பாதிரிமார், மாணவர், வேலைக்காரப் பெண்கள், ஆசிரியர்கள். 2019இல் பேஸ்புக் கொமெண்ட்ஸ் வாசித்தவர்களுக்கு அந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. பிறகு ஒருவர் அதை அப்படியே தொகுத்துப் புத்தகமாக்கினார். யார் என்ன சொன்னார் என்று இன்றைக்கும் பார்க்கலாம்.

மற்றப் பக்கமும் ஆள் சேர்ந்தது. மறுவிசாரணை கேட்டுப் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் பெயர் போட்டு மனுவில் ஒப்பமிட்டார்கள். மனித உரிமைக் கழகம் அந்த வருடம்தான் பிறந்தது. அவர்களில் பலர் யூதர்கள் அல்லர். குருநாகல் விஷயத்தில் சீஐடிக்குள் ஆதாரம் ஆதாரம் என்று தேடி, இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களிலும் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரும் நமக்கு எதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர்களையும் சேர்த்துத்தான் அழித்துவிடுகிறோம்.

1899இல் மறுவிசாரணை. அதிலும் 5க்கு 2 என்று குற்றவாளி என்றார்கள். பத்து நாளில் ஜனாதிபதி மன்னிப்பு. முழுமையாகக் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது 1906 ஜூலை 12இல். பன்னிரண்டு வருடம்.

கதை அதோடும் முடியவில்லை. 1908இல் ஸோலாவின் உடல் பந்தியோனில் அடக்கப்பட்ட நாளில், கிரெகோரி என்ற பத்திரிகையாளர் ட்ரைஃபஸைத் துப்பாக்கியால் சுட்டார். கையில் காயம். வழக்கு ஜூரி முன்னால் வந்தது. ஊரிலிருந்து தெரிவான பன்னிரண்டு சாதாரணப் பிரஜைகள். கிரெகோரியை விடுதலை செய்தார்கள்.

இதைச் சொன்னதும் கேள்வி கேட்ட அதே பிள்ளை மறுபடி எழும்பியது: "அந்தப் பன்னிரண்டு பேரும் எந்தப் பேப்பர் வாசிச்சவங்க சேர்?"

இதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். 2019 மே தொடக்கம் ஓகஸ்ட் வரையான நாளிதழ்களை வகுப்புக்காகச் சேர்க்கிறேன். முதல் செய்தி எந்தப் பக்கத்தில், எந்த எழுத்தளவில் வந்தது, திருத்தம் எந்த மூலையில் வந்தது என்று பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும். வீட்டில் பழைய பேப்பர் கட்டி வைத்திருப்பவர்கள் கடைக்காரருக்குப் போட முன்னர் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். தமிழ்ப் பத்திரிகைகள் ஓரளவு சேர்ந்துவிட்டன. சிங்களப் பத்திரிகைகள்தான் குறைவு.