முதல் முறை சமைப்போருக்கு வீட்டு சூப்: ஒரு சட்டி, ஒரே முறை, மூன்று சுவை

ஸ்ரீ கெம்பாங்கான் – வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சூடாக ஏதாவது குடித்தால் தேவலை என்கிறார். சமைத்துப் பழகாத மகனோ மகளோ அந்த நேரத்தில் தேடுவது உடனடி மீ பொட்டலத்தை, இல்லையென்றால் கைப்பேசியில் கடைச் சாப்பாட்டை. ஆனால் அடுப்பைப் பற்ற வைக்கவும் வெங்காயம் நறுக்கவும் தெரிந்தாலே போதும், அரை மணி நேரத்தில் நல்ல சூப் ஒன்றை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் இது பலருக்கும் உதவும். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான செர்டாங் பாருதான் இன்றைய ஸ்ரீ கெம்பாங்கான். 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. படிக்கவும் வேலை செய்யவும் வெளியூர்களிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கும் இளையோர் இங்கு உண்டு. அவர்களில் பலருக்கு இதுதான் முதல் சமையலறை.

நமக்குப் புதிதல்ல

சூப் என்றதும் ஹோட்டல் உணவு என்று நினைக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் 'மல்லிகடானி' என்று அழைக்கும் சூப்பின் பெயரே நம் 'மிளகுத்தண்ணி'தான். சாப்பாட்டுக்கு முன் சூப் கேட்ட அவர்களுக்காக நம் சமையல்காரர்கள் மிளகு ரசத்தை மாற்றிக் கொடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்தப் பெயர் ஆங்கிலத்தில் எழுத்துக்கு வந்துவிட்டது. மாமாக் கடைகளில் கிடைக்கும் சூப் காம்பிங்கிலும் மிளகு, பட்டை, சோம்பு என்று நம் வீட்டு மசாலா வாசம்தான் வீசுகிறது. ரசம் வைக்கும் வீட்டில் சூப் வைக்க முடியாதா என்ன?

எல்லா சூப்புக்கும் ஒரே முறை

முதலில் வரிசையைப் புரிந்துகொள்ள வேண்டும். வரிசை பிடிபட்டால் எந்தக் காயையும் சூப் ஆக்கலாம்.

1. அடி கனமான சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, வெங்காயம், பூண்டு, இஞ்சியை மிதமான தீயில் வதக்க வேண்டும். பூண்டு கருகினால் சூப் கசக்கும்.

2. வேகத் தாமதமாகும் பொருள் முதலில், சீக்கிரம் வேகும் பொருள் பிறகு. கேரட்டும் உருளைக்கிழங்கும் முன்னால் போனால், கீரை கடைசியில்தான் போக வேண்டும்.

3. தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் தண்ணீர் வற்றும், காய் குழையும். ஓரத்தில் சிறு குமிழி வந்தால் போதும்.

4. உப்பைக் கடைசியில் போட வேண்டும். சூப் வற்ற வற்ற உப்பு கூடித் தெரியும். முதலிலேயே அளவாகப் போட்டால் முடிவில் கரித்துவிடும்.

5. அடுப்பை அணைத்த பின் மிளகுத்தூள், டாவுன் சூப் அல்லது கொத்தமல்லித் தழை, விரும்பினால் சில சொட்டு எலுமிச்சைச் சாறு.

காய்கறி சூப்

இரண்டு மூன்று பேருக்கு: பெரிய வெங்காயம் 1, பூண்டு 3 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, கேரட் 1, உருளைக்கிழங்கு 1, தக்காளி 1, தண்ணீர் ஒரு லிட்டர்.

காய்களை ஒரே அளவில் சிறிதாக நறுக்கினால் எல்லாம் ஒன்றாக வேகும். வெங்காயம் வதங்கியதும் தக்காளியைப் போட்டுக் கரையும் வரை கிளறி, மற்ற காய்களையும் தண்ணீரையும் சேர்த்து 20 நிமிடம் விட வேண்டும். உருளைக்கிழங்கு கரண்டியால் அழுத்தினால் உடைகிற பதம்தான் கணக்கு. இரண்டு துண்டுகளைச் சட்டியிலேயே மசித்துவிட்டால் சூப் தானாகக் கெட்டியாகும், சோள மாவு தேவையில்லை. அரைத் தேக்கரண்டி உப்பில் தொடங்கி, சுவை பார்த்துக் கொள்ளலாம்.

முருங்கைக்கீரை சூப்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு முருங்கையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பட்டணத்தில் இருப்பவர்கள் சந்தையில் வாங்கலாம். காம்பு நீக்கி உருவிய கீரை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் 8, பூண்டு 4 பல், தக்காளி 1, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, தண்ணீர் மூன்று கிளாஸ்.

மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ள வேண்டும். வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கித் தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் கொதித்ததும் தட்டிய பொடியையும் கீரையையும் சேர்க்க வேண்டும். இதற்குப் பின் மூடி போடாமல் 5 நிமிடம் போதும். மூடினால் கீரை நிறம் மாறும். சாம்பாருக்கு வேக வைத்த பருப்புத் தண்ணீர் ஒரு கரண்டி இருந்தால் சேர்க்கலாம், ருசி கூடும்.

கோழி சூப்

எலும்போடு கூடிய, தோல் நீக்கிய கோழி அரை கிலோ. பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, அன்னாசிப்பூ 1, மல்லி ஒரு தேக்கரண்டி, மிளகும் சோம்பும் அரை அரைத் தேக்கரண்டி. இவற்றைச் சுத்தமான வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டினால் பின்னால் எடுத்துப் போடுவது சுலபம். கடைகளில் 'சூப் புஞ்சுட்' என்று கட்டியதே கிடைக்கும்.

வெங்காயம், இஞ்சி, பூண்டு வதங்கியதும் கோழியைப் போட்டு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை ஊற்றி, மசாலா மூட்டையை இட வேண்டும். கொதி வரும்போது மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டால் சூப் தெளிவாக இருக்கும். பிறகு சிறு தீயில் 40 நிமிடம். எலும்பை ஒட்டிய இறைச்சியில் சிவப்புத் தெரியக் கூடாது. கம்போங் கோழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குக்கர் இருந்தால் நேரம் மிச்சம். பச்சைக் கோழி வெட்டிய கத்தியையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் காய் நறுக்கக் கூடாது.

அடுப்பு இல்லாத அறையில்

ரைஸ் குக்கரிலும் சூப் வைக்கலாம். ஆனால் சோறு வெந்ததும் அணைவதுபோல் சூப்புக்கு அது தானாக அணையாது, தண்ணீர் வற்றினால்தான் பொத்தான் மேலே வரும். எனவே பக்கத்திலேயே இருந்து பார்த்து, நாமே அணைக்க வேண்டும். பானையில் பாதிக்கு மேல் ஊற்றினால் பொங்கி வழியும்.

உப்பு நம் கையில்

வீட்டு சூப்பின் பெரிய லாபம் இதுதான். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சேர்த்துக்கொள்வதாகச் சுகாதார அமைச்சு கூறியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். சூப் குடிக்கப் போகும் அம்மாவோ அப்பாவோ அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

சூப் கட்டியில் பெரும்பகுதி உப்புதான். அதைப் போட்டால் தனியாக உப்பு போடக் கூடாது. கிச்சாப், நெத்திலி எதைச் சேர்த்தாலும் உப்பும் கூடவே வரும். உப்பு குறைந்து சப்பென்று இருந்தால் மிளகு, இஞ்சி, எலுமிச்சை கைகொடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரை, தக்காளி, எலும்புச் சாறு எவ்வளவு தரலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

தவறினால் என்ன செய்வது?

உப்பு கூடினால் வெந்நீர் சேர்த்து இன்னும் கொஞ்சம் காய் போட்டுக் கொதிக்க விடலாம். உருளைக்கிழங்கு உப்பை மட்டும் உறிஞ்சிவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். காரம் கூடினால் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால். தண்ணீராக இருந்தால் மூடியைத் திறந்து வற்ற விடலாம். பூண்டு கருகிவிட்டால் மட்டும் வேறு வழியில்லை, சட்டியைக் கழுவி மறுபடி தொடங்குவதே நல்லது.

மிஞ்சினால்

நம் நாட்டு வெக்கையில் சூப்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. சிறு டப்பாக்களில் பிரித்தால் சீக்கிரம் ஆறும். ஆறியதும் ஐஸ் பெட்டியில் வைத்து மூன்று நாளைக்குள் முடித்துவிட வேண்டும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லாத ஒரு வார இறுதியில் காய்கறி சூப்பில் தொடங்குவது நல்லது. இரண்டு மூன்று முறை வைத்தால் உப்பு, தீ, நேரம் மூன்றும் கைக்குப் பழகிவிடும். அப்புறம் அம்மாவுக்கு முடியாத நாளில் கை தடுமாறாது.