ஏல விலையும் அனுப்புக் கூலியும்: முத்துக்குளித்துறை முதல் இணைய ஏலம் வரை

ஏலத்தில் ஒரு பொருளுக்குக் கேட்கப்படும் விலை வேறு. அந்தப் பொருள் வாங்கியவர் கைக்கு வந்து சேரும்போது ஆகும் மொத்தச் செலவு வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொகை ஏற்றுகூலி, கப்பல் கட்டணம், தபால் செலவு, டெலிவரி சார்ஜ் என்று காலத்துக்குக் காலம் பெயர் மாறி வந்துள்ளது. பழைய நாணயங்கள், அஞ்சல்தலைகள் போன்ற சேகரிப்புப் பொருட்களை இணைய ஏலத்தில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே அடிக்கடி எழும் தகராறுகளில் ஒன்று இத்தொகை பற்றியது. தாமிரபரணிக் கழிமுகத்தை ஒட்டிய ஆத்தூர், கொற்கை, பழைய காயல், புன்னைக்காயல் வட்டாரத்துக்கு இது புதிய வழக்கு அன்று. இக்கரையில் முத்துச்சிப்பிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. கப்பல் கட்டணத்தை எதிர்த்து ஒரு கம்பெனியே தோன்றி மறைந்தது.

'ஏலம்' என்ற சொல்லும் கடல் வழியாக வந்ததே. போர்த்துக்கீசிய மொழியின் 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து அது பிறந்தது என்பர்.

வெற்றிலையும் துறைமுகமும்

ஆத்தூர், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் அமைந்துள்ள பேரூர். இன்று இவ்வூரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு செல்வது வெற்றிலை. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலை தாமதத்தைத் தாங்காத சரக்கு. சந்தையில் என்ன விலை போனாலும், கட்டுக்கூலியும் வண்டி வாடகையும் கழித்து மிஞ்சுவதே கொடிக்கால்காரரின் வருமானம் என்பதை இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாண்டியரின் துறைமுகமான கொற்கை, ஆற்று வண்டல் சேர்ந்ததால் கடலை விட்டு விலகி இன்று உள்நாட்டு ஊராகக் கிடக்கிறது. துறைமுகம் காயலுக்கும், பின்னர் புன்னைக்காயலுக்கும், தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. 1870-களில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்த பிஷப் கால்டுவெல், மார்க்கோ போலோ குறிப்பிடும் 'காயில்' என்ற பெருந்துறை பழைய காயலே என்று கருதினார்.

முத்துச்சிப்பி ஏலம்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் கண்ட மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் செலவுக் கணக்கையும் எழுதி வைத்துள்ளார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு பெரிய கலத்தையும் பல சிறு படகுகளையும் கொண்டுவந்து, மூழ்குவோரைக் கூலிக்கு அமர்த்தினர். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குச் சென்றது. சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பதாகச் சொன்ன பிராமணர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. முத்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கலத்தின் செலவு வணிகர் தலையில் விழுந்தது. சுறாவைக் கட்டக் கொடுத்த பங்கை இன்றைய பார்சல் இன்சூரன்ஸின் மூதாதை என்று சொன்னால் பெரிய பிழையாகாது.

1658-இல் தூத்துக்குடி போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கும், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. ஆங்கிலேயர் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு விட்டனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசே நேரடியாக முத்துக்குளிப்பை நடத்தி, சிப்பிகளை ஏலத்தில் விற்கும் முறை நிலைபெற்றது. 1889, 1890 ஆம் ஆண்டுகளின் முத்துக்குளிப்புக் காலத்தையொட்டிச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் எழுதிய குறிப்புகள் இம்முறையை அறிய உதவுகின்றன.

படகுகள் இரவில் கரைக்காற்றில் புறப்பட்டுப் பார்களை அடையும். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஒருவர் மூழ்க, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் படகுகள் கரை திரும்பும். வேலியிட்ட அடைப்புக்குள் சிப்பிகள் கொட்டப்பட்டு மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று படகுக்கு. குவியல் பிரிப்பது படகுக்காரர்கள். எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்வது அதிகாரி. பிரிப்பவர் ஒருவராகவும் தேர்ந்தெடுப்பவர் வேறொருவராகவும் இருந்ததால் குவியலின் அளவைப் பற்றி வாய்ச்சண்டைக்கு இடமில்லை. இக்கட்டுரைப் பொருளின் வரலாற்றில் காணப்படும் ஏற்பாடுகளில் மிகவும் நேர்த்தியானது இதுதான்.

அரசின் இரண்டு பங்கும் அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடப்படும். வாங்குபவர் கடலுக்குப் போக வேண்டியதில்லை; படகு வாடகை தர வேண்டியதில்லை; ஏலத்தில் கேட்ட விலைக்கு மேல் கடல் செலவு என்று எதுவும் அவரிடம் வசூலிக்கப்படவில்லை. கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் கூலி, மூன்றில் ஒரு பங்குச் சிப்பியாக ஏலத்துக்கு முன்பே கழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் வாங்கியது திறக்காத சிப்பி. பல நாள் அழுகவிட்டு, கழுவி, சல்லடைகளில் சலித்த பிறகே உள்ளே முத்து இருந்ததா என்பது தெரியும். கேட்டவர் பணக்காரர் ஆனதும் உண்டு, கடன்காரர் ஆனதும் உண்டு.

வாங்குபவருக்குத் தெரியாமல் போன அந்தச் செலவு காணாமல் போய்விடவில்லை. அது படகுக்குள் சண்டையாகத் தொடர்ந்தது. படகுக்குரிய ஒரு பங்கிலிருந்தே சம்மாட்டிக்கும், தண்டலுக்கும், மூழ்கியவருக்கும், கயிறு பிடித்தவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். இது தவிர, பரதவர் சாதித் தலைவருக்கு மரபு வழியான உரிமையும் இருந்தது. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர் கைக்கு வந்து சேர்ந்த சிப்பிகளை அவர் அடைப்புக்கு வெளியே சில்லறையாக விற்றார். நடுக்கடலிலேயே சிப்பியைத் திறந்து முத்தை ஒளித்துவைப்பதும், அதைத் தடுக்க அரசு காவலர்களைப் படகில் ஏற்றுவதும் ஒவ்வொரு முத்துக்குளிப்பிலும் நடந்தன. அதிகாரிகள் இதைத் திருட்டு என்றே எழுதினர். பங்கு போதாதவர் தம் கூலியைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழி அது என்ற பார்வை அவர்களின் அறிக்கைகளில் இடம்பெறவில்லை.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு அந்த அளவில் நடைபெறவில்லை.

ஒரு ரூபாய், எட்டணா, இலவசக் குடை

முத்து ஏலத்தில் படகுக் கூலி சிப்பியாகவே தீர்க்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சென்ற சரக்குக்கும் ஆட்களுக்கும் அப்படி ஒரு வழி இல்லை. துறைமுகம் ஆழமற்றது, நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், சரக்கைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். தோணிக் கூலி ஒரு பக்கம். மறுபக்கம், கப்பல் கட்டணத்தை நிர்ணயித்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடியில் அதன் முகவர்கள் ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனத்தார்.

இந்த ஏகபோகத்தை எதிர்த்து வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். முதலில் ஷா லைன் கம்பெனியின் கப்பல்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. எதிர்த்தரப்பின் நெருக்குதலால் அவை விலக்கிக்கொள்ளப்பட்டபோது கொழும்பிலிருந்து வேறு கப்பல் வாடகைக்கு அமர்த்தப்பட்டது. 1907-இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் சொந்தமாக வந்து சேர்ந்தன.

அதன்பின் நடந்தது கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. ஆங்கிலக் கம்பெனி கட்டணமே இல்லாமல் ஏற்றிச் செல்லவும், கூடவே ஒரு குடை கொடுக்கவும் முன்வந்தது என்பது இப்போரைப் பற்றி இன்றும் சொல்லப்படும் செய்தி. பல துறைமுகங்களில் கப்பல் ஓட்டிய கம்பெனி ஒரு வழித்தடத்தின் இழப்பை மற்றவற்றில் ஈடுகட்டிக்கொள்ள முடியும். ஒரே வழித்தடத்தை நம்பிய கம்பெனிக்கு அது முடியாது. 'ஷிப்பிங் இலவசம்' என்ற இன்றைய அறிவிப்பின் முழு இயக்கமும் அந்தக் குடைக்குள் இருந்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார், 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

இணைய ஏலத்தில் பிளவுபட்ட விலை

1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத் தளம் பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. இந்தியாவில் 2000-இல் தொடங்கிய பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தை ஈபே 2004-இல் ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவரை நகரத்து நாணயக் கடைகளையும் கண்காட்சிகளையும் நம்பியிருந்த சேகரிப்பாளர்களுக்கு, சிறு ஊரில் இருந்தபடியே வெளிநாட்டு அஞ்சல்தலைக்கு விலை கேட்கும் வாய்ப்பு கிடைத்தது.

முத்து அடைப்பில் பிரிப்பவரும் தேர்ந்தெடுப்பவரும் வேறு வேறு. இணைய ஏலத்திலோ பொருளின் தொடக்க விலை, அனுப்புக் கூலி இரண்டையும் விற்பவரே எழுதினார். பொருளின் விலையைப் போட்டி முடிவு செய்தது. கூலியை எந்தப் போட்டியும் தொடவில்லை. அதோடு, தளம் தனக்குரிய கழிவை நீண்டகாலம் பொருளின் விற்பனை விலையில் மட்டுமே கணக்கிட்டது, அனுப்புக் கூலியில் கணக்கிடவில்லை. 100 ரூபாய்க்கு விற்க நினைத்த நாணயத்தை 10 ரூபாய்க்கு ஏலத்தில் வைத்து, அனுப்புக் கூலி 90 ரூபாய் என்று போட்டால் கழிவு பத்து ரூபாய்க்குத்தான். திருப்பி அனுப்பினாலும் பல நேரங்களில் பொருளின் விலை மட்டுமே திரும்பக் கிடைக்கும், கூலி கிடைக்காது. தபால் உறையின் மேல் ஒட்டியிருக்கும் தலைகளைக் கூட்டிப் பார்த்து, வாங்கிய தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை என்று கண்டுபிடிப்பது அஞ்சல்தலை சேகரிப்பவருக்குக் கடினமா?

வாங்குபவர் இதில் எப்படி ஏமாறுகிறார் என்பதைப் பொருளியல் அறிஞர்கள் தஞ்சிம் ஹொசைன், ஜான் மோர்கன் ஆகிய இருவரும் ஈபேயிலேயே சோதித்து 2006-இல் வெளியிட்டனர். அவர்கள் இசைத்தட்டுகளையும் விளையாட்டுத் தட்டுகளையும் இரு வகையாக ஏலம் விட்டனர். ஒன்றில் தொடக்க விலை 4 டாலர், அனுப்புக் கூலி இல்லை. மற்றொன்றில் தொடக்க விலை ஒரு சென்ட், கூலி 3.99 டாலர். மொத்தம் ஒன்றே. ஆயினும் ஒரு சென்ட் ஏலத்துக்கே அதிகம் பேர் வந்தனர். விற்பவருக்கு வருமானமும் கூடுதலாகக் கிடைத்தது. கூலியைப் பலர் கணக்கில் சேர்க்கவே இல்லை அல்லது குறைத்துச் சேர்த்தனர். மொத்தத் தொகையை உயர்த்தியபோது இசைத்தட்டுகளில் இந்த வேறுபாடு காணப்படவில்லை.

விற்பவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அஞ்சல்தலை மடங்காமலிருக்க இரு பக்கமும் அட்டை வைக்க வேண்டும். நாணயம் உறைக்குள் உருளாமல் ஒட்ட வேண்டும். தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. ஒரே விற்பனையாளரிடம் ஐந்து பொருள் வாங்கியவர், ஐந்துக்கும் ஒரே உறை, ஒரே கூலி என்று எதிர்பார்ப்பார். ஏலங்கள் வெவ்வேறு நாளில் முடிந்திருக்கும். இது யார் பக்கமும் தீய எண்ணம் இல்லாமலேயே வரும் சண்டை.

2007-இல் ஈபே விற்பனையாளருக்கு நான்கு தலைப்புகளில் நட்சத்திர மதிப்பீடு வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்று அனுப்புக் கூலிக்கு மட்டுமே உரியது. 2011 ஜூலை முதல் அமெரிக்கத் தளத்தில் கழிவு அனுப்புக் கூலியையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. கூலிக்குள் விலையை ஒளித்து வைப்பதில் இருந்த ஆதாயம் அதோடு பெருமளவு போயிற்று. நேர்மையாக உண்மைக் கூலி மட்டும் வாங்கியவர்களும் தபால் செலவுக்குக் கழிவு கட்ட நேர்ந்தது. அவர்களின் குமுறலிலும் பொருள் இருந்தது. ஈபேயின் இந்தியத் தளம் 2017-இல் பிளிப்கார்ட் வசம் சென்று, 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது.

சட்டமும் தபாலும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் வந்த 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்றும், அதில் டெலிவரி, தபால், கையாளும் கட்டணங்கள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்றும் கூறுகின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், கட்டணங்களை முதலில் மறைத்துக் கடைசியில் சொட்டுச் சொட்டாகக் காட்டுவதை ஏமாற்று உத்திகளுள் ஒன்றாகச் சேர்த்தன. ஏலத்துக்கு இது முழுதாகப் பொருந்துவது கடினம். இறுதி விலை ஏலம் முடியும்வரை யாருக்கும் தெரியாதே.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய நாணயங்களுக்கு வேறொரு தடையும் உண்டு. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அங்கே கூலி எவ்வளவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

உள்நாட்டில் சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் நம்பியது பதிவு அஞ்சலை. சாதாரணத் தபாலில் போட்டது தொலைந்தால் போட்டதற்கே சான்று இல்லை. விலை வசூல் அஞ்சல் என்னும் வி.பி.பி. 1877 முதல் இருந்தாலும், வாங்குபவர் பெற மறுத்தால் போன செலவு விற்பவர் தலையில்தான் விழும். 2025 செப்டம்பர் 1 அன்று பதிவு அஞ்சல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் வெளியூருக்கு 50 கிராம் வரை ஸ்பீடு போஸ்ட் கட்டணம் 47 ரூபாய், வரி தனி. 1972-இல் வ.உ.சி. நூற்றாண்டுக்காக வெளியிடப்பட்ட அஞ்சல்தலையின் முகமதிப்பு ஒரு ரூபாய்க்கும் குறைவு. தூத்துக்குடிக் கப்பல் கட்டணத்தை எட்டணாவுக்கு இறக்கியவரின் படம் உள்ள அந்த ஒற்றைத் தலையை ஆத்தூருக்கு வரவழைப்பவர், தலைக்குத் தருவதைவிட உறைக்கே அதிகம் தர நேரிடலாம்.